மீட்டர் முள் ஏன் விழுந்தது

அன்புள்ள குமரனுக்கு,

நான், மா. ஏகாம்பரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் அளவுக்கருவி அறைக்குப் பொறுப்பாளன், உன் தகப்பன், இரண்டு செய்திகளைத் தெரிவிப்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். நீ சரிபார்க்கச் சொல்லி என்னிடம் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிளை, நாளை மாலை நீ வேலூரிலிருந்து திரும்பி வந்து கேட்கும்போது, நான் தரப்போவதில்லை. இது முதலாவது. அந்த வண்டியைப் பற்றி உன் மாமனாரிடம் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கை இன்று பொழுது சாய்வதற்குள் மீறப்போகிறேன். இது இரண்டாவது. இரண்டுக்கும் காரணம் உண்டு. அதை வாய்ப்பேச்சில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய் என்பதை அறிவேன்; ஆகவே எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் மனைவி செல்வி படிக்கலாம். உன் அம்மா ஏற்கெனவே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். உன் மாமனாரும் இதைப் படிக்க நேர்ந்தால், படிக்கும் நிலையில் அவர் இருந்தால், அதைவிட எனக்கு நிம்மதி வேறில்லை.

உன் திருமணப் பேச்சு தொடங்கிய நாளிலேயே, சீர் என்றும் செய்முறை என்றும் எதையும் வாங்குவதில்லை என்று நான் சொல்லிவிட்டேன். சென்னீர்குப்பத்தில் லாரிகளுக்கு மரக்கூடு கட்டும் பட்டறை வைத்திருக்கும் உன் மாமனார் தணிகாசலம் அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். ஆனால் திருமணத்துக்கு முந்தைய மாலை, மண்டபத்து வாசலில், சாமந்தி மாலையும் எலுமிச்சம்பழமும் கட்டி அந்த வண்டி நின்றது. பழைய வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வளவு நேர்த்தியாக வண்ணம் பூசியிருந்தார். என் முகம் சுருங்கியதைக் கண்டு அவரே ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேணான்னீங்க, நான் கேட்டுக்கினேன். இது சீரு இல்ல. மாப்ள வேலைக்கிப் போவ வர ஒரு வண்டி, அவ்ளோதான். கடையில வாங்கல. ஜோடியா ரெண்டு வண்டி ஏலத்துல எடுத்தேன், ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாப்ளைக்கு. ரெண்டையும் ஒண்ணா பிரிச்சி, ஒரே மாதிரி என் கையால மாட்டினேன்.” அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதற்குமேல் மறுப்பது மனிதத் தன்மை ஆகாது என்று எனக்குத் தோன்றியது.

அப்போது செல்வியின் தாய்மாமன் வண்டியைச் சுற்றிவந்து, “இன்னா மச்சான், பேரிங்லாம் புச்சா, இல்ல பெயின்ட்டு மட்டும்தானா?” என்று சீண்டினார். உன் மாமனார் மார்பை நிமிர்த்தினார். “பூராம் புச்சுடா. முன்னாடி வீலுதான் கொஞ்சம் படுத்திச்சி. நட்டை ஃபுல்லா டைட்டு பண்ணா சக்கரம் புடிச்சிக்குது, சுத்தவே மாட்டுது. அரை சுத்து லூஸு உட்டு, நட்டு கயலாம ஸ்ப்ளிட் பின் அடிச்சிட்டேன். இப்ப பாரு, பூ மாதிரி சுத்துது.” சொல்லிவிட்டு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றியும் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவை என்னிடம் நீட்டினார். “மிச்சமான சாமான்லாம் இதுல கீது சம்பந்தி. இரும்ப தூக்கிப் போடக் கூடாது, ஒரு நாளைக்கி ஒதவும்.” நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும், குமரா. அந்த வாக்கியத்தை நான் முழுமையாகக் கேட்டேன். நட்டை முழுதும் இறுக்கினால் சக்கரம் சுழலவில்லை என்று ஒரு மனிதர் சொல்லும்போது, உள்ளே ஏதோ முறைப்படி அமரவில்லை என்பது என் தொழிலில் இருப்பவனுக்கு உடனே உறைக்க வேண்டும். உறைத்தது. ஆனால் நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில், பெண் வீட்டார் கொடுத்த பொருளைப் பற்றி மாப்பிள்ளையின் தகப்பன் அன்றைக்கு வாய் திறப்பதில்லை. புகழ்ந்தால் இன்னும் எதிர்பார்க்கிறான் என்பார்கள். குறை சொன்னால் புதியதாக வாங்கித் தரச் சொல்கிறான் என்பார்கள். அதிலும் நான் எதுவும் வேண்டாம் என்று ஊரறியச் சொன்னவன். நட்டைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால், பந்தியில் அது எப்படிப் பரிமாறப்பட்டிருக்கும் என்று உனக்கே தெரியும். ஆகவே டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டேன்.

நீ ஐயப்பன்தாங்கலில் வீடு பார்த்து, ஸ்ரீபெரும்புதூர் வேலைக்கு அந்த வண்டியில் போய்வரத் தொடங்கிய பிறகு ஒரு மாலை இங்கே வந்தாய். மீட்டர் முள் ஆடுகிறது என்றாய். நாற்பதில் போகும்போது திடீரென்று விழுந்துவிடுகிறது, பிறகு தானாக எழுந்துகொள்கிறது என்றாய். சொல்லும்போது சிரித்தாய். “போலீஸ்காரனப் பாத்தா பயந்து படுத்துக்குதுப்பா” என்றாய். உன் அம்மாவும் சிரித்தாள். அடுத்த முறை வந்தபோது முள் ஆடவே இல்லை என்று சொன்னாய். எப்படிச் சரியானது என்று கேட்டதற்கு, “கேபிளக் கயட்டி உட்டுட்டேன். இப்ப ஜீரோவுலயே நிம்மதியா கீது” என்றாய். அந்தப் பதில் என் மனத்தில் ஒரு கல்லைப் போலக் கிடந்தது. ஒரு பொருள் இடைவிடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதன் வாயை அடைத்துவிட்டுத் தொல்லை தீர்ந்தது என்று மகிழ்பவனாக நீ எப்போது ஆனாய் என்று எனக்கு விளங்கவில்லை. விருந்துக்கு வேலூர் கிளம்பும் முன் வண்டியை இங்கே விட்டுப் போகும்படி நான்தான் வற்புறுத்தினேன். நீ சாவியைக் கொடுத்துவிட்டு, “மீட்டர மட்டும் பாருப்பா. மாமா காதுக்கு எதுவும் போவக் கூடாது, சத்தியம் பண்ணு. கைப்பட செஞ்சி குடுத்திருக்காரு, செல்வி தாங்க மாட்டா” என்றாய். நான் வாக்குக் கொடுத்தேன்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. அளவு தவறாக வந்தால், பொருளைக் குறை சொல்வதற்கு முன் அளந்த கருவியைச் சந்தேகிக்க வேண்டும். மைக்ரோமீட்டர் தவறு காட்டினால், அதை முதலில் மூல அளவுக்கட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த விதியால் பல நல்ல உதிரிபாகங்கள் குப்பைக்குப் போகாமல் தப்பியிருக்கின்றன. உன் அம்மாவுக்கு இந்த விதியின்மேல் என்றுமே மதிப்பு இருந்ததில்லை. செல்வி முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று அவளிடம் சொன்னாளே, நினைவிருக்கிறதா? “மூணு வயசுல உம் புருசனுக்கு ஜுரம் அனலா கொதிக்குது. இந்த மனுசன் இன்னாடான்னா தெர்மாமீட்டர ஒதறிக்கினு கீறாரு, இது தப்பா காட்டுதுன்னு. அய்ய, புள்ளயத் தொட்டுப் பாருய்யான்றேன், கண்ணாடிக் குச்சியவே உத்து உத்துப் பாக்கறாரு!” நீங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த வாரம் உன் வண்டியிடமும் அதே முறையில்தான் நான் நடந்துகொண்டேன்.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். உறையிலிருந்து உள்கம்பியை உருவிப் பார்த்தேன். ஓரிடத்தில் லேசாக நெளிந்திருந்தது. புதிய கேபிள் வாங்கி, கிரீஸ் தடவி மாட்டினேன். தெருமுனை வரை போய்வந்தபோது முள் ஒழுங்காக நின்றது. காரணம் கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு அன்று உறங்கினேன். மறுநாள், புதன்கிழமை, ஆவடிச் சாலையில் போனபோது முள் மீண்டும் விழுந்தது. பிறகு மீட்டரைச் சந்தேகித்தேன். அதைக் கழற்றித் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்று, சொந்தப் பொருள் என்பதால் மேலாளரிடம் முறையாக அனுமதி பெற்று, உணவு இடைவேளையில் சுழற்சி எண்ணும் கருவியோடு பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து மேசை சண்முகம் எட்டிப் பார்த்தான். “இன்னா சார், சம்பந்தி சீதனத்த கேஜ் ரூமுக்கே இட்டாந்துட்டீங்க? ரிஜெக்ட் பண்ணி பொண்ணு ஊட்டுக்கே திருப்பி அனுப்பிடாதீங்க சார்!” அறையே சிரித்தது. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், அசைத்தேன், தட்டினேன். அது ஓர் இம்மியும் பிசகவில்லை. மீட்டரில் குற்றமில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேபிள் பொய் சொல்லவில்லை, மீட்டர் பொய் சொல்லவில்லை என்றால், அவற்றுக்கு வேகத்தைச் சொல்லி அனுப்பும் சக்கரம்தான் மிச்சம்.

நேற்று மாலை மீட்டரை மீண்டும் மாட்டி வானகரம் சாலையில் ஓட்டினேன். இம்முறை முள் விழுகிறதா என்று பார்க்கவில்லை. எப்போது விழுகிறது என்று பார்த்தேன். நேர்ச்சாலையில் அது அசையாமல் நின்றது. நின்ற இடத்தில் கைப்பிடியை இருபுறமும் திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். பின்னர் இடப்பக்கம் வளையும்போது வண்டியைச் சாய்த்தேன், முள் விழுந்தது. நிமிர்த்தினேன், எழுந்தது. மீண்டும் சாய்த்தேன், மீண்டும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக. அடுத்த வளைவில் மணல் லாரி ஒன்று என்னை ஒட்டிக் கடந்தது. அதற்கு வழிவிட்டுச் சாய்ந்த நொடியில் முள் சுழியத்தில் படுத்துக்கிடந்தது, நானோ ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது கைப்பிடி வழியாக ஒரு நடுக்கம் என் மணிக்கட்டுக்கு ஏறியது; அரிசியில் கிடந்த கல்லைப் பல் கடித்ததுபோல, மிகச் சிறியது, ஒரே ஒரு முறை. சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கி, முன்சக்கரத்தின் நடுவே கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன். பிரேக்கை நான் அதிகம் தொடவேயில்லை, இருந்தும் சுட்டது. ஆரக்கம்பிகளின் அடியில் கறுப்பாகக் கிரீஸ் உருகி வழிந்திருந்தது. அந்த வண்டியில் மீண்டும் ஏற என்னால் முடியவில்லை. தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். வழியெல்லாம், அந்தப் பின்னிருக்கையில் செல்வி ஒருபக்கமாக அமர்ந்து, பூந்தமல்லியில் தான் வேலைபார்க்கும் பள்ளி வாசலில் தினமும் இறங்கும் காட்சிதான் கண்முன் நின்றது.

இன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. காலையில் வண்டியைச் செங்கல்மேல் ஏற்றி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். டொக் என்றது. பக்கவாட்டில் தள்ளினேன், சக்கரம் முழுதும் நடு அச்சின்மேல் நகர்ந்தது. ஸ்ப்ளிட் பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுத்தேன். உள்ளே நான் கண்டதை உன்னிடம் மறைப்பதற்கில்லை. ஒருபக்கப் பேரிங்கின் குண்டுகளைப் பிரித்து நிறுத்தும் தகட்டு வளையம் இரண்டாக முறிந்து, குண்டுகளெல்லாம் ஒரே ஓரத்தில் குவிந்து கிடந்தன. சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. பேரிங் உட்காரும் குழியே தேய்ந்து அகன்றிருந்தது. மீட்டருக்குச் சுழற்சியைக் கொடுக்கும் கியரின் இரண்டு காதுகளும், சக்கரத்தில் அவை மாட்டும் பள்ளங்களும் மழுங்கிப்போயிருந்தன. சக்கரம் ஒருபக்கம் விலகும்போதெல்லாம் அந்தக் காதுகள் பிடிவிட்டன, முள் விழுந்தது. இத்தனை நாளும் அந்த முள் வேறு எதையும் சொல்லவில்லை. உன் சக்கரம் தன் இடத்தை விட்டு நகர்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குண்டுகள் இன்னொரு முறை புரண்டு சிக்கியிருந்தால் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகி நின்றிருக்கும். பெங்களூர் நெடுஞ்சாலையில் முன்சக்கரம் நின்றுபோன வண்டிக்குப் பின்னால் வரும் லாரி நிற்காது. அது இன்னும் எத்தனை தூரம் தாங்கியிருக்கும் என்று என்னால் கணக்கிட முடியவில்லை; யாராலும் முடியாது.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்க வேண்டும். ஸ்பேசர் என்பார்கள். சாதாரண இரும்புக் குழாய்த் துண்டு, விரல் நீளம்தான். நட்டை இறுக்கும்போது பேரிங்குகள் ஒன்றையொன்று நெருக்காமல் அது தாங்கிக்கொள்ளும். உன் வண்டியில் அது இல்லை. அது இல்லாததால்தான் நட்டை இறுக்கியபோது சக்கரம் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதால்தான் உன் மாமனார் அரைச் சுற்றுத் தளர்த்தினார். பட்டறையில் தேக்குச் சட்டத்தை மயிரிழை பிசகாமல் இழைத்துப் பூட்டும் மனிதர் அவர். அவர் கட்டிய லாரிக்கூடு எதுவும் பாதியில் பிரிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மரத்தில், இறுக்கமாகப் பிடிக்கும் மூட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அது தானாக அமர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை அவர் சக்கரத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். அவரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் தன் தொழில் விதியைச் சக்கரத்தில் பிரயோகித்தார். நான் என் தொழில் விதியை முள்ளின்மேல் பிரயோகித்தேன். எங்கள் இருவருடைய விதிகளுக்கும் நடுவில் நீங்கள் இருவரும் சவாரி செய்துகொண்டிருந்தீர்கள்.

விடுபட்ட குழாய் எங்கே போனது என்று யோசித்தபோது அந்த பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது. பரண்மேலிருந்து எடுத்துத் திறந்தேன். பழைய பேரிங்குகள், வாஷர்கள், ஒரு பிரேக் ஸ்பிரிங், அவற்றுக்கடியில் கிரீஸ் தடவிக் காகிதத்தில் பொதிந்த அந்தக் குழாய். எவ்வளவு பத்திரமாகப் பொதிந்திருந்தார்! அதை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தேன். டப்பாவுக்குள் மீண்டும் பார்த்தபோது, இன்னொரு காகிதப் பொதி இருந்தது. பிரித்தேன். அதே நீளம், அதே விட்டம், அதே தேய்மானத் தழும்பு. வெர்னியரில் வைத்து அளந்தேன். ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை. குமரா, உன் வண்டியின் முன்சக்கரத்தில் ஒரே ஒரு ஸ்பேசர்தான் இருக்க முடியும். பின்சக்கரத்தினுடையது வேறு அளவு. அது அதன் இடத்தில் இருப்பதையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது குழாய் யாருடையது என்பதை நீயே இப்போது புரிந்துகொண்டிருப்பாய். ரெண்டையும் ஒண்ணா பிரிச்சி, ஒரே மாதிரி மாட்டினேன் என்று அவர் சொன்னபோது, நீயும் நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.

உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குழாயைக் கண்டபோது அவள், “சத்தம் போடாம புது சக்கரம் வாங்கி மாட்டிட்டு உட்ருங்க. சம்பந்திக்கு எதுக்குத் தெரியணும்? பொண்ணக் குடுத்த மனுசன், கூசிப்போயிடுவாரு” என்றாள். அது நியாயமான யோசனை. நானும் அப்படியே செய்ய இருந்தேன். உனக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டிருக்கும். இரண்டாவது குழாயை அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது இன்னாங்க?” என்றாள். சொன்னேன். குழாயை மற்றதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு, “அவரு வண்டில பின்னாடி சம்பந்தியம்மா குந்திகினு போவாங்களே” என்றாள். உடனே எழுந்து, மேல்துண்டை எடுத்து என்மேல் போட்டு, “போன் பண்ணுங்க, போங்க” என்று தள்ளினாள்.

முக்கில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், உன் மாமனார் பட்டறைக்குப் பக்கத்து மரக்கடைக்குப் பேசினேன். ஓர் இளைஞன் எடுத்தான். “தணிகாசலம் அண்ணனா? இல்லியே சார். காலையிலயே அண்ணிய ஏத்திகினு காஞ்சிபுரம் போயிட்டாரு. ஏதோ பொடவ எடுக்கணுமாம். பொழுது சாய வந்துடுவாங்க.” மோட்டார் சைக்கிளிலா போயிருக்கிறார் என்று கேட்டேன். அவன் சிரித்தான். “பின்ன பஸ்லயா போவாரு? புச்சா பெயின்ட்டு அடிச்ச வண்டி சார், ராஜா மாதிரி போறாரு!” கொஞ்சம் தயங்கி, தன்பாட்டுக்குச் சொல்வதுபோல, “இன்னா, கொஞ்ச நாளா முன்னாடி சக்கரம் கொர்ருன்னு சத்தம் குடுக்குதுன்னு சொல்லிகினு இருந்தாரு. எண்ண உட்டா போயிடும்னாரு” என்றான். நான் பூத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். “ஹலோ, சார்? எதனா அவசரமா சார்? நான் சொல்லிடறேன்.” அவர் வழியில் எங்கிருந்தாவது தொடர்புகொண்டால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வரச் சொல் என்றேன். “வழியில எங்க சார் போன் பண்ணப் போறாரு அவரு?” என்றான். அவன் சொன்னது சரிதான். காஞ்சிபுரத்தில் எந்தக் கடையில் அவர்கள் புடவை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்த வழியாகத் திரும்புவார்கள் என்றும் தெரியாது. அவர்கள் திரும்பும் நேரம்வரை என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். வெளியே ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் போகும்போதும் உன் அம்மா எழுந்து போய்ப் பார்க்கிறாள். அவர்கள் இந்தத் தெருவுக்கு வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இனி நீ நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லிவிடுகிறேன். நான் வீடு திரும்ப நேரமாகலாம். செல்வியிடம் இதைச் சொல்லும்போது, உங்க நைனா தப்பாக மாட்டிவிட்டார் என்று தொடங்காதே. அப்படித் தொடங்கினால், அவள் தகப்பனுக்காக வாதாடுவாள். நீ வண்டிக்காக வாதாடுவாய். உண்மை நடுவில் நசுங்கும். முறிந்த பேரிங்கை அவள் உள்ளங்கையில் வை. அவளே பார்க்கட்டும். அவள் அழுதால் அழவிடு. நம் உறவினர் முன்னால் இதை வேடிக்கைக் கதையாக ஒருநாளும் சொல்லாதே. உன் மாமனார் என்மேல் கோபம் கொண்டு, பெண்ணைப் பார்க்க வருவதை நிறுத்தினால், நீ வாரந்தோறும் அவளை அழைத்துக்கொண்டு அங்கே போ, பேருந்தில் போ. எதையேனும் பிரித்து மாட்டியபின் ஒரு துண்டு கையில் மிஞ்சினால், எவ்வளவு நேரமானாலும் மறுபடி பிரி. உன் வீட்டிலோ வேலையிலோ ஏதேனும் ஒன்று விடாமல் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தால், அதை நிறுத்தும் வழியைத் தேடாதே. அது எந்த நேரத்தில், எந்தப் பக்கம் சாயும்போது வருகிறது என்று பொறுமையாகப் பார். இதை நான் இந்த ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன், அதுவும் போதிய விரைவில் அல்ல. புதன்கிழமையே நான் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், இன்று காலை அவர்கள் கிளம்பியிருக்கமாட்டார்கள். இந்த நினைப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெயில் தணிந்து வருகிறது. உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், குடிக்க முடியவில்லை. அவர் நம்மைத் தவறாக எண்ணலாம். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவன் இப்போது குறை சொல்லி வந்து நிற்கிறான் என்று அவர் வீட்டார் பேசலாம். பேசட்டும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேர்ந்தால், அந்த மாலை எனக்கு நல்ல மாலையாக இருக்கும். இப்போது சட்டையை மாற்றிக்கொண்டு, பூந்தமல்லிப் பேருந்தைப் பிடித்து, சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையிலிருந்து அவர் தெரு பிரியும் இடத்தில் போய் நிற்கப்போகிறேன். வரும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அவர்கள் இருவரும் வந்தால், சாலையின் குறுக்கே இறங்கிக் கைகாட்டி நிறுத்தி, வணக்கம் சொல்லி, அந்த வண்டியை அங்கிருந்து நானே தள்ளிக்கொண்டு அவர் வீடு சேர்ப்பேன். இருட்டிய பிறகும் அவர்கள் வரவில்லையென்றால், காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் ஏறி, சன்னலோரம் அமர்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டே போவேன்.